ஆயிரத்தில் எங்களுக்கு 75 சீட்டு

குழு: பெரிய வீடு
12 மே 2025, திங்கட்கிழமை

அப்பா, 5:41
[படம்: ரோஜாப்பூ, இனிய மாலை வணக்கம்]

ரவி சித்தப்பா, 5:58
இன்றைக்கு 7 மணிக்கு லொத்தர். 8 மணி வரைக்கும் யாரும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

வசந்தி மாமி, 6:01
தம்பி, நீ எப்போதிருந்து லொத்தர் எடுக்கிறாய்? அதுவும் காலமான எங்கள் அம்மாவின் விரத நாளில்.

ரவி சித்தப்பா, 6:03
ஐயோ அக்கா, காசு லொத்தர் இல்லை. வட அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து. இந்த வருடம் பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுக்குப் போகாத 14 குழுக்களில் யார் முதலில் புதுப் பெடியனைத் தெரிவு செய்வது என்று பந்து குலுக்கிப் பார்ப்பார்கள். அதிகம் தோற்றவர்களுக்கு அதிகம் சீட்டு. எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸும் அதில் நிற்கிறது.

வசந்தி மாமி, 6:04
தோற்றவர்களுக்குப் பரிசா?

நிரோ, 6:04
அதேதான் மாமி 😂

வசந்தி மாமி, 6:05
இந்தச் சட்டம் உன் அப்பா படித்த காலத்தில் இருந்திருக்க வேண்டும்.

அப்பா, 6:05
🙏

அபி, 6:08
மாமி, நான் கணக்காகச் சொல்கிறேன். இயந்திரத்துக்குள் 14 பந்து. நாலு பந்து வெளியே வரும். எந்த நாலு என்று பார்த்தால் 1001 விதம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மிச்சம் ஆயிரத்தையும் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி மூன்று குழுவுக்கும் தலா 140. நாங்கள் கடைசியிலிருந்து ஏழாவது, எங்களுக்கு 75. இப்படிக் குலுக்குவது முதல் நாலு இடத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு அதிகம் தோற்றவர்களின் வரிசை.

நிரோ, 6:10
75!! அதுதான் வயிற்றெரிச்சல். யூட்டாவைப் பாருங்கள், 17 வெற்றி 65 தோல்வி, ஒழுங்காகத் தோற்றார்கள். நாங்கள் மார்ச்சிலிருந்து நல்ல ஆட்டக்காரரைக் கடைசிப் பகுதியில் பெஞ்சில் இருத்தி வைத்தும், வந்த சின்னப் பெடியள் வென்று கொடுத்துவிட்டார்கள். 30 வெற்றி. தோற்கக்கூடத் தெரியாத குழு. இந்த வருடம் எல்லோரும் முதலில் எடுக்க நினைக்கும் கூப்பர் ஃபிளாக் மாதிரி ஒருவன் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வருவான் சித்தப்பா.

ரவி சித்தப்பா, 6:17
நிரோ நீ பொறு. நான் சொல்வதைக் கேள். 140 எங்கே 75 எங்கே என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனால் 140 வைத்திருப்பவனுக்கும் ஆயிரத்தில் 860 தரம் முதல் இடம் கிடையாது. போன வருடம் டெட்ரோய்ட் 14 வெற்றியோடு, ஒரே மூச்சில் 28 ஆட்டம் தோற்று, ஊரெல்லாம் சிரிக்கக் கடைசியில் நின்றது. கிடைத்தது ஐந்தாம் இடம். வென்றது யார், 3 வீதம் வைத்திருந்த அட்லாண்டா. இதற்காக ஒரு வருடம் முழுக்க வேண்டுமென்று தோற்று, அதை நான் காசு கொடுத்து மேல்தட்டில் இருந்து பார்க்க வேண்டுமா? கடைசிக் கட்டத்தில் பெடியள் வென்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொன்னால் நீ அடிக்க வருவாய்.

நிரோ, 6:18
அடிக்க வரமாட்டேன், ஆனால் பேசமாட்டேன்.

ரவி சித்தப்பா, 6:21
இன்னொன்று. 2021இல் கோவிட்டால் எல்லை பூட்டி, எங்கள் குழு அகதி மாதிரி ஃப்ளோரிடாவில் டாம்பாவில் போய் விளையாடியதே, அந்த வருடமும் இதே ஏழாம் இடம், இதே 75 சீட்டு. நாலுக்கு ஏறினோம். ஸ்காட்டி பார்ன்ஸ் வந்தான். அடுத்த வருடம் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் எடுத்தான். ஏழு கெட்ட இடம் இல்லை.

அபி, 6:23
சித்தப்பா, அந்த ஒரு உதாரணத்தை எத்தனை தரம் சொல்வீர்கள். முதல் நாலுக்குள் வருவதற்கு எங்களுக்கு 100இல் 32 மாதிரி. மூன்றில் ஒன்றுகூட இல்லை. போன வருடத்தையும் சொல்லுங்கள்.

ரவி சித்தப்பா, 6:24
போன வருடத்தைப் பற்றி இந்தக் குழுவில் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வசந்தி மாமி, 6:25
என்ன நடந்தது போன வருடம்?

நிரோ, 6:29
மாமி, யாக்கப் பெர்ட்டில் என்று ஒஸ்திரியா நாட்டு உயரமான ஆள். அவரை 2023இல் சான் அன்டோனியோவிடமிருந்து வாங்குவதற்கு எங்கள் 2024 தெரிவு உரிமையை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை, முதல் ஆறுக்குள் விழுந்தால் எங்களுக்கு, ஏழோ அதற்குக் கீழேயோ என்றால் அவர்களுக்கு. நாங்கள் நின்றது சரியாக ஆறாம் இடத்தில். முதல் ஆறுக்குள் நிற்க 45.8 வீதம் என்று அபி அக்கா அன்றைக்குக் கணக்குச் சொன்னா. இரண்டு குழு கீழே இருந்து தாண்டிப் போக நாங்கள் எட்டுக்குச் சரிந்தோம். 57 ஆட்டம் தோற்றது சான் அன்டோனியோவுக்காக. சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வசந்தி மாமி, 6:30
அடகு வைத்த நகை மூழ்கின மாதிரி.

ரவி சித்தப்பா, 6:30
அக்கா 😐

அம்மா, 6:32
தம்பி, நேற்று அன்னையர் தினத்துக்குச் செய்த ரோல்ஸ் இருபது இருக்கிறது. நிரோவிடம் கொடுத்து விடவா?

ரவி சித்தப்பா, 6:33
அண்ணி, மட்டன் ரோல்ஸைப் பற்றி நாளைக்குக் கதைப்போம். இன்றைக்குக் காலையில் கோவிலில் குடித்த கஞ்சியும் மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடும்தான்.

வசந்தி மாமி, 6:36
கோவிலில் இன்றைக்குச் சித்திரபுத்திரனார் கதை நல்லாகப் படித்தார்கள். இவன் ஒரு மூலையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரவி சித்தப்பா, 6:39
கதையும் கேட்டேன் அக்கா. எனக்கு அதிலேயே ஒன்று தோன்றியது. 7 மணிக்கு டிவியில் காட்டுவது குலுக்கல் இல்லை, உறை திறப்பதுதான். குலுக்கல் அதற்கு முன்பே பூட்டிய அறைக்குள் முடிந்துவிடும், உள்ளே போகிறவர்களின் போனையெல்லாம் வாங்கி வைத்துவிடுவார்கள், வெளியே சொல்லக் கூடாது. முதல் பந்து வருவதற்கு முன் 20 செக்கன் சுழலும், பிறகு 10 செக்கனுக்கு ஒன்று. ஆகவே நாங்கள் இங்கே கத்திக்கொண்டிருக்கும்போது சிகாகோவில் எல்லாம் எழுதியாகிவிட்டது.

வசந்தி மாமி, 6:40
சித்திரபுத்திரனாரின் ஏடு மாதிரி. அப்போ கும்பிட்டுப் பிரயோசனம் இல்லை.

அபி, 6:41
மாமி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நிரோ, 6:44
கஜன் மச்சான் எங்கே? அவர் ஊர் டாலஸும் லொத்தரில் இருக்கிறது.

வசந்தி மாமி, 6:45
அவன் பெப்ரவரியிலிருந்து எங்களோடும் சரியாகக் கதைக்கிறதில்லை. யாரோ ஒருவனை விற்றுவிட்டார்களாம்.

நிரோ, 6:46
லூக்கா டொன்சிச் மாமி, டாலஸின் பெரிய நட்சத்திரம். யாரோ இல்லை. பாவம் மச்சான். அவர்களுக்கு 1.8 வீதம்தான், ஆயிரத்தில் 18.

நிரோ, 7:17
உறை திறக்கத் தொடங்கிவிட்டார்கள்
14 சான் அன்டோனியோ, அட்லாண்டா முன்பு கைமாற்றிக் கொடுத்த இடம்
13 அட்லாண்டா, சாக்ரமென்டோ கொடுத்தது
12 சிகாகோ
11 போர்ட்லாண்ட்

அபி, 7:18
11இல் டாலஸ் அல்லவா வர வேண்டும்?

நிரோ, 7:18
டாலஸ் ஏறிவிட்டது!! முதல் நாலுக்குள்!!

ரவி சித்தப்பா, 7:18
பொறு பொறு

நிரோ, 7:19
10 ஃபீனிக்ஸ், அது ஹூஸ்டனுக்குப் போகிறது

அபி, 7:19
சரி, இப்போது 9இல் சான் அன்டோனியோவின் சொந்த இடம் வர வேண்டும். வந்தால் நாங்கள் எட்டு, அல்லது மேலே. எங்கள் பெயர் வந்தால் சான் அன்டோனியோவும் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

ரவி சித்தப்பா, 7:19
நான் டிவியைப் பார்க்கவில்லை. சமையலறையில் நிற்கிறேன். யாராவது எழுதுங்கள்.

நிரோ, 7:20
9

நிரோ, 7:20
ரொறன்ரோ

அபி, 7:20
😶

அம்மா, 7:22
என்ன சத்தம் இல்லை? வென்றார்களா?

நிரோ, 7:28
8 புரூக்ளின், 7 நியூ ஓர்லியன்ஸ், 6 வாஷிங்டன், 5 யூட்டா. 65 ஆட்டம் தோற்ற யூட்டாவுக்கு ஐந்து!! 4 ஷார்லட், 3 ஃபிலடெல்ஃபியா.

நிரோ, 7:31
2 சான் அன்டோனியோ.
1 டாலஸ்.

கஜன் (டாலஸ்), 7:32
எல்லோருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா?

வசந்தி மாமி, 7:32
தம்பி! சாப்பிட்டாயா?

நிரோ, 7:33
மூன்று மாதம் காணாமல் போன ஆள் இப்போதுதான் வழி கண்டுபிடித்து வருகிறார்.

கஜன் (டாலஸ்), 7:35
ஆயிரத்தில் 18 மச்சான். 18. இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் டொன்சிச்சின் பெயர் போட்ட சட்டையை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தார், இப்போது எடுத்துக் கழுவப் போகிறாராம். மாமா எங்கே?

அபி, 7:36
சித்தப்பா எட்டு மணி வரைக்கும் போன் எடுக்க வேண்டாம் என்று சொன்னார்.

ரவி சித்தப்பா, 7:52
இருக்கிறேன். தேத்தண்ணி போட்டேன், சீனி போட மறந்து அப்படியே குடித்துவிட்டேன். மருமகன், வாழ்த்துகள், உங்கள் ஆட்கள் டொன்சிச்சை அனுப்பிய பாவத்துக்கு இப்படி ஒரு புண்ணியம் கிடைத்தால் உலகத்தில் கணக்கே இல்லை. ஆனால் எனக்கு எரிவது டாலஸில் இல்லை. சான் அன்டோனியோ! போன வருடம் எங்கள் எட்டாம் இடத்தை வாங்கி, அதையும் தாங்கள் வைத்திருக்காமல் மின்னசோட்டாவுக்குக் கைமாற்றினார்கள். இந்த வருடம் எங்களுக்குப் பின்னால் நின்று எங்கள் தலைக்கு மேலால் இரண்டாம் இடம்.

நிரோ, 7:54
நான் அப்போதே சொன்னேன் சித்தப்பா. இன்னும் ஏழெட்டு ஆட்டம் தோற்றிருந்தால்.

அபி, 7:55
தோற்றிருந்தாலும் வாஷிங்டன் மாதிரி ஆறு. அங்கே போய்ப் பார், 64 தோல்வி.

ரவி சித்தப்பா, 8:06
இப்போது ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எங்களுக்கு முதலாம் இடம் ஒரே ஒருதரம் விழுந்தது, 2006, அன்றைக்கு 8.8 வீதம். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் தட்டினார். எடுத்தது இத்தாலிக்கார ஆந்திரேயா பார்ன்யானி, அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் வேறு மாதிரி. இரண்டாவதாகப் போனது பிறகு நட்சத்திரமான லமார்க்கஸ் ஆல்ட்ரிட்ஜ், அதை விடு. 2013இல் பார்ன்யானியை நியூயோர்க்குக்குக் கொடுத்து ஒரு எதிர்காலத் தெரிவு வாங்கினார்கள். அது 2016இல் எத்தனையாவது இடமாக வந்தது தெரியுமா? 9. அதில் எடுத்தது யார்? இதே யாக்கப் பெர்ட்டில். 2009இல் எங்கள் டிமார் டிரோசனை எடுத்ததும் 9. 2018இல் அந்த இரண்டு ஒன்பதையும் சேர்த்துத்தான் அனுப்பினோம், சான் அன்டோனியோவுக்குத்தான், வந்தது கவாய் லெனர்ட். 2019 சம்பியன் கிண்ணம் எங்களுக்கு. 1997இல் டிரேசி மெக்ரேடியும் 9, அவன் எங்களை விட்டுப் போனது வேறு கதை. ஒன்றாம் இடம் எங்களுக்குக் கொடுத்ததைவிட ஒன்பதாம் இடம் கொடுத்தது அதிகம்.

கஜன் (டாலஸ்), 8:07
மாமா, இது கணக்கா சாத்திரமா?

ரவி சித்தப்பா, 8:08
இரண்டும். எட்டு வராமல் போனதற்கே தேங்காய் உடைக்க வேண்டும். 2004இல் எட்டில் ரஃபாயல் அராவுஜோவை எடுத்தோம், அடுத்து ஒன்பதாவதாக ஃபிலடெல்ஃபியா, பிறகு நட்சத்திரமான ஆன்ட்ரே இகுவடாலாவை எடுத்தது. எட்டு சனியின் எண்.

நிரோ, 8:10
டெரன்ஸ் ராஸும் எட்டுதான் சித்தப்பா. 2014இல் ஒரே ஆட்டத்தில் 51 புள்ளி அடித்தவன்.

ரவி சித்தப்பா, 8:10
ஒரு ஆட்டம்.

அபி, 8:12
உங்களுக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு பிறகு கதையைத் தேடுகிறீர்கள். ஆனால் பார்ன்யானி பெர்ட்டிலாக மாறிய கதை எனக்குத் தெரியாது. அது நல்லாக இருக்கிறது.

நிரோ, 8:13
எனக்கு ஃபிளாக்தான் வேண்டும்.

வசந்தி மாமி, 8:15
சரி, அப்போ ஒன்பதில் எங்களுக்கு எந்தப் பெடியன் வருகிறான்?

ரவி சித்தப்பா, 8:16
ஜூன் 25 தெரியும் அக்கா. அன்றைக்கு இரவுதான் பெயர் கூப்பிடுவார்கள்.

வசந்தி மாமி, 8:18
அது அமாவாசையை ஒட்டி வருகிறது. காலமான எங்கள் அப்பாவின் விரதம். 24ஆ 25ஆ என்று கோவில் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா, 8:19
பார்த்துச் சொல்லுங்கள் மச்சாள், மட்டன் ரோல்ஸா மரக்கறி ரோல்ஸா என்று எனக்குத் தெரிய வேண்டும்.