தேன்கூட்டை வைத்தா விந்தியப் பாறைக்கு வயது சொல்வது?

கல்லுளிமங்கன்:
நேற்று ஒருவர் "மத்தியப் பிரதேச பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா (ஆதிகால மெல்லுடல் உயிரி) படிவம் கிடைத்தாச்சு, மேல் விந்தியப் பாறை அடுக்குக்கு 55 கோடி வயசு, பஞ்சாயத்து முடிந்தது" என்று மார்தட்டியிருந்தார். ஐயா, அது 2021 கதை. அமெரிக்க ஆய்வாளர் மீர்ட்டின் குழு போய்ப் பார்த்தால், சுவரிலிருந்து உரிந்துகொண்டிருக்கிறது! 2023-ல் எழுதியே விட்டார்கள்: உளுத்துப்போன மலைத்தேனீக் கூடு. அறிவித்த ரெட்டலாக்கே ஒப்புக்கொண்டுவிட்டார், இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

வைகைக்கரையான்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கூடு போகட்டும். பாறையின் வயது?

கல்லுளிமங்கன்:
100 கோடிக்கு மேல். அந்தக் குகைப் பாறையான பாண்டர் மணற்கல்லில் 100 கோடிக்கு இளைய ஜிர்கான் (வயது அளக்க உதவும் சிறு படிகம்) ஒன்றுகூட அகப்படவில்லை.

வைகைக்கரையான்:
ஜிர்கான் ஆறு அடித்துவந்த மணல். அது பிறந்த மலையின் வயதைத்தான் சொல்லும். மணற்கல் அதைவிட இளையதாக இருக்கலாமே?

ராக்கெட்ராஜா:
கார்பன் டெஸ்ட் எடுத்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது அண்ணே.

கல்லுளிமங்கன்:
தம்பி, கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டோடு சரி. ஓரமா உட்காருங்க.
கரையாருக்கு: பன்னாவின் மஜ்கவான் கிம்பர்லைட் (ஆழத்திலிருந்து பீறி வந்த வைரப் பாறை) 107 கோடி. மேல் விந்தியத்தின் அடியிலுள்ள கைமூர் அடுக்கைத் துளைத்து ஏறியிருக்கிறது. அது உருவானபோது அதில் பதிந்த பூமிக் காந்தத் திசையும் பாண்டரின் திசையும் ஒத்துப்போகின்றன, ஆக ஏறக்குறைய ஒரே காலம். போதுமா?

வைகைக்கரையான்:
துளைத்தது கைமூரை. பாண்டர் அதற்கும் மேலே, பின்னால் படிந்தது. நான் கேட்டது ஜிர்கான். இளையதாக இருக்கலாமா, கூடாதா?

தேன்மொழி:
இருவரும் கீழ் விந்தியத்தை மறந்துவிட்டீர்கள். சோர்ஹாட் மணற்கல்லில் புழுத்தடம், 110 கோடி என்று 1998-ல் பரபரப்பு. 2002-ல் எரிமலைச் சாம்பல் ஜிர்கானை அளந்தால் 160 கோடி! சாம்பல் நேராக வந்து விழுவது, படிந்த காலத்தையே காட்டும். மேலே அந்த மாதிரிச் சாம்பல் இல்லாததால்தான் இவ்வளவு இழுபறி.

கல்லுளிமங்கன்:
அம்மா, இதை நான் போன வருடமே எழுதியாச்சு. படிக்க ஆளில்லை.

வைகைக்கரையான்:
போன வருடம் பெரம்பலூர் காரையில் பொறுக்கிய நத்தை ஓட்டை அம்மோனைட் (அழிந்துபோன கடல் உயிரியின் ஓடு) என்று படம் போட்டவரும் தாங்கள்தானே?

கல்லுளிமங்கன்:
அது அம்மோனைட்டேதான்! அறை அறையாகத் தடுப்பு தெரிகிறது, கண்ணாடி போட்டுப் பாரும். தேன்கூட்டுக்கு மாலை போட்டவர் என் அம்மோனைட்டைப் பேசுகிறாராம்.

ராக்கெட்ராஜா:
அந்தப் படம் இருந்தா போடுங்க அண்ணே.

வைகைக்கரையான்:
படம் அப்புறம். ஜிர்கானுக்குப் பதில் வரவில்லை.

கல்லுளிமங்கன்:
மூன்று முறை சொல்லியாச்சு. 100 கோடி.