மாங்கூழ் ஆலைக்கு வேளாண் பல்கலைக்கழகம் உதவுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி ஆலைக்காரர்):
பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கும் சிறிய ஆலை நடத்துகிறேன். ஜூன், ஜூலையில் பழம் மலையாகக் குவிகிறது. அதன்பின் இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன. பழுப்பதைச் சில நாள் தள்ளிப்போட்டாலே போதும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை அணுகலாமா?

பதில் (முன்னாள் மாணவி):
தயங்காமல் போங்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அவர்கள் ‘ஹெக்சனால்’ (hexanal) என்ற வேதிப்பொருள் கலந்த கலவையை மாம்பழத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். செல் சவ்வைச் சிதைக்கும் பாஸ்போலிபேஸ்-டி நொதியை அது அடக்குவதால் பழம் மெதுவாகக் கனிகிறது. அறுவடைக்கு முன்பே மரத்தில் தெளிக்கலாம். ஆகவே முதலில் உங்களுக்குப் பழம் தரும் விவசாயிகளைச் சம்மதிக்க வையுங்கள். ஆய்வகத்தைவிட அதுதான் கடினமான வேலை. நம் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு தோப்புக்குப் போய்ச் சேராவிட்டால் எனக்கு ஆறாது.

பதில் (உணவுப் பொறியாளர்):
அங்கே அறுவடை பின்சார் தொழில்நுட்ப மையத்தையும் பாருங்கள். நீங்கள் குப்பையில் கொட்டும் மாங்கொட்டையைப் பற்றிக் கேளுங்கள். பருப்பிலிருந்து எடுக்கும் கொழுப்பு அழகுசாதனப் பொருள்களுக்குப் பயன்படுகிறது. எதையும் தொடங்கும் முன், அவர்களின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கான உரிமக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. பர்கூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் இந்த வாரமே பேசுகிறேன்.