புட்டாமெனுக்குள் இருக்கும் ஆக்டிவேஷன் மெஷ்ஷில் ஏற்றினால் காணாமல் போகிறது, ஏன்?

கேள்வி: அடிமூளை

வணக்கம். விரலசைவு டாஸ்க் ஒன்றின் எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டு ஸ்கேன்) குழு முடிவைப் படமாக்கிக்கொண்டிருக்கிறேன். டி மதிப்பு வரைபடம் (ஆக்டிவேஷன் எவ்வளவு வலுவானது என்று இடத்துக்கு இடம் சொல்வது) எம்என்ஐ 152 என்ற பொது மூளை வார்ப்புருவில் இருக்கிறது, வாக்ஸல், அதாவது முப்பரிமாணப் படத்தின் சின்னக் கட்டம், 2 மில்லிமீட்டர். கார்டெக்ஸுக்கு (மூளையின் மேலுறை) சிக்கலே இல்லை, எஃப்எஸ்ஆவரேஜ் என்ற சராசரி மூளைப் பரப்பில் ஏற்றினால் நன்றாக வருகிறது. ஆனால் எனக்கு முக்கியமே மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் புட்டாமெனும் தலாமஸும்தான். அந்தப் பரப்பில் அவை இல்லவே இல்லை, உள்பக்கம் திருப்பினால் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி மட்டும் நிற்கிறது. சரி என்று ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் ஏசெக் கோப்பிலிருந்து (எந்த வாக்ஸல் எந்த அமைப்பு என்று எண்ணிட்டது) இடது புட்டாமெனை, அதாவது லேபிள் 12-ஐ, மெஷ்ஷாக (முக்கோணங்களால் ஆன பரப்பாக) எடுத்து நிறமேற்றினேன். மெஷ் படிக்கட்டு மாதிரி இருக்கிறது. அதைவிடக் கவலை, ஸ்லைஸில் (குறுக்குவெட்டுப் படத்தில்) டி மதிப்பு 6-க்கு மேல் பளிச்சென்று தெரியும் இடம் மெஷ்ஷில் வெளிறிப்போய், த்ரெஷோல்டைக்கூட (காட்டுவதற்கான குறைந்தபட்ச மதிப்பு) தாண்டவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: வாக்ஸல்காரன்

நீங்கள் பெரிதாகத் தப்பு செய்யவில்லை. கார்டெக்ஸ் என்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள, மடித்து வைத்த தாள் மாதிரி. அதைப் பரப்பாக விரித்துக் காட்டினால் பெரிதாக எதுவும் தொலையாது. புட்டாமென் தாள் இல்லை, உருண்டு திரண்ட கட்டி. மெஷ் அதன் தோலை மட்டும்தான் காட்டும், உங்கள் உச்ச மதிப்பு உள்ளே சதையில் இருக்கிறது. மெஷ் புள்ளி இருக்கும் அதே இடத்தில் மதிப்பை எடுத்தால் பக்கத்து வெள்ளைப் பொருளும் (நரம்பிழைகள்) பாதி கலந்த ஓர வாக்ஸல்தான் கிடைக்கும், வெளிறத்தான் செய்யும்.

அதனால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் செங்குத்தாக உள்நோக்கி மூன்று மில்லிமீட்டர் வரை, அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக மதிப்பு எடுத்துச் சராசரி போடுங்கள். நைலேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் வால்யூமிலிருந்து (முப்பரிமாணப் படத்திலிருந்து) பரப்புக்கு மாற்றும் ஃபங்ஷனே இதற்குப் போதும், ஆனால் செங்குத்துக் கோட்டின் வழியே மதிப்பு எடுக்கும் அதன் கோட்டு முறை வெளிப்பக்கமும் போகும். அதனால் எந்த வாக்ஸல் புட்டாமெனுக்குள் என்று சொல்லும் மாஸ்க்கைக் கட்டாயம் கொடுங்கள், மாஸ்க்குக்கு வெளியே விழும் மாதிரிகளை அதுவே ஒதுக்கிவிடும். இன்னொன்று, த்ரெஷோல்ட் போட்ட வரைபடத்தை ஏற்றாதீர்கள். வெட்டப்பட்ட பூஜ்யங்களும் சராசரியில் சேர்ந்து ஓரத்தைத் தின்றுவிடும். முழு வரைபடத்தை ஏற்றிவிட்டு, நிறம் கொடுக்கும்போது த்ரெஷோல்ட் வையுங்கள்.

பதில்: மெஷ்_பித்தன்

படிக்கட்டுக்கு: ஏசெக் ஒவ்வொரு வாக்ஸலையும் ஆம், இல்லை என்றுதான் சொல்கிறது, அதை மெஷ்ஷாக்கினால் படி வராமல் என்ன வரும். ஸ்மூத்திங்கை ஏற்றிக்கொண்டே போனால் படி மறையும், கூடவே கட்டியும் சுருங்கும். அக்கம்பென்ஸ் மாதிரிச் சின்ன அமைப்பு பாதியாகிவிடும், டவுபின் என்ற ஸ்மூத்திங் முறையில் அந்தச் சுருக்கம் வராது. ஆனால் குழு முடிவுக்கு நான் வேறு வழியில் போவேன். ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்ட் அட்லஸின் நிகழ்தகவு வரைபடத்தை (ஒவ்வொரு வாக்ஸலும் புட்டாமெனாக இருக்கும் வாய்ப்பைச் சொல்வது) எடுத்து 50 சதவீதத்தில் மார்ச்சிங் க்யூப்ஸ் (மதிப்புகளிலிருந்து மெஷ் எடுக்கும் வழிமுறை) ஓட்டினால், மதிப்புகள் படிப்படியாக மாறுவதால் மெஷ் முதலிலேயே வழவழப்பாக வந்துவிடும். அட்லஸும் எம்என்ஐ 152-தான், உங்கள் வரைபடத்தோடு பொருந்தும். எஃப்எஸ்ஆவரேஜின் ஏசெக்கை எடுத்திருந்தால் அது எம்என்ஐ 305 என்ற வேறு வார்ப்புரு, சில மில்லிமீட்டர் விலகல் இருக்கும். கார்டெக்ஸில் அது கண்ணில் படாது, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள புட்டாமெனில் அதுவே பக்கத்திலுள்ள பாலிடம் என்ற அமைப்பில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மார்ச்சிங் க்யூப்ஸ் புள்ளிகளை வாக்ஸல் எண்ணாகத்தான் தரும், அஃபைனால் (வாக்ஸல் எண்ணை இடமாக மாற்றும் அணி) பெருக்கி மில்லிமீட்டருக்கு மாற்ற மறக்காதீர்கள். எஃப்எஸ்எல் மென்பொருளின் வார்ப்புருவில் எக்ஸ் அச்சு தலைகீழாக இருப்பதால் பெருக்கியதும் முக்கோணங்களின் சுற்று (புள்ளிகளின் வரிசைத் திசை) திரும்பிவிடும். அப்போது உள் எது, வெளி எது என்பதே மாறிவிடும், நீங்கள் உள்நோக்கி என்று நினைத்து எடுக்கும் மதிப்பெல்லாம் வெளியிலிருந்து வரும். நான் இதில் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு புள்ளிகளின் வரிசையை மாற்றிப்போட்டால் சரியாகிவிடும்.

பதில்: ஸ்லைஸ்_போதும்

முதலில் எதைக் காட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். புட்டாமெனுக்கு ஒரே ஒரு மதிப்புதான் என்றால் எனிக்மா டூல்பாக்ஸில் மூளையின் ஒரு பக்கத்துக்கு ஏழு அமைப்புகள் தயாராகவே இருக்கின்றன, எண்ணைக் கொடுத்தால் போதும். வடிவ மாற்றம்தான் கேள்வி என்றால் எஃப்எஸ்எல்லின் ஃபர்ஸ்ட் என்ற கருவி, அங்கே மாற்றம் பரப்பிலேயே நடப்பதால் மெஷ்தான் சரியான இடம். ஆனால் டாஸ்க் ஆக்டிவேஷனுக்கு, அதிலும் தலாமஸுக்கு, மெஷ்ஷை மட்டும் வைத்துப் படம் போடாதீர்கள். தலாமஸின் நடுவில் மீடியோடார்சல் நியூக்ளியஸில் வரும் ஆக்டிவேஷனும் பக்கவாட்டில் வென்ட்ரல் லேட்டரல் நியூக்ளியஸில் வருவதும் வேறு வேறு கதை. உள்ளே மூன்று மில்லிமீட்டர் போய்ச் சராசரி போட்டாலும் நடுப்பகுதி எட்டாது. ஹெச்சிபி (ஹியூமன் கனெக்டோம் ப்ராஜெக்ட்) ஆட்கள்கூட கார்டெக்ஸைப் பரப்பாகவும் அடிமூளையை வாக்ஸலாகவும்தான் ஒரே கோப்பில் வைத்தார்கள், 91,282 புள்ளிகளில் 31,870 வாக்ஸல்கள். மெஷ் பக்கத்தில் இரண்டு ஸ்லைஸ் வையுங்கள், எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சராசரி என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள்.

கேட்டவர்: அடிமூளை

எல்லோருக்கும் நன்றி. அட்லஸிலிருந்து புது மெஷ், மாஸ்க், முழு வரைபடம் என்று மூன்றையும் மாற்றிவிட்டேன். முக்கோணம் திரும்பிய சிக்கல் எனக்கும் வந்தது: பைவிஸ்டா என்ற 3டி படக் கருவியில் மெஷ் கரிக்கட்டை மாதிரி கறுப்பாகத் தெரிந்தது, வரிசையை மாற்றியதும் வெளிச்சம் விழுந்தது. இப்போது இடது புட்டாமெனின் பின்பாதியில், மேல்பக்கமாக, ஒரு பட்டை தெளிவாக நிற்கிறது, ஸ்லைஸில் இருப்பதும் அதே இடம்தான். தலாமஸை மெஷ்ஷாகப் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அதற்கு மூன்று ஸ்லைஸ் மட்டும்.