ஓஆர்எஸ் (பேதிக்குத் தண்ணியில கலக்கிக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டைக் கால்வாசி கொட்டிக் கலக்கலாமா?

தெளிநீர்: "பேதிக்கு ஒரு தம்ளர் போதும், ஒரு லிட்டர் பாக்கெட்டில் கால்வாசி கொட்டிக் கலக்குங்க, மிச்சத்தை மடிச்சு வைங்க"ன்னு கணக்கன் எழுதியிருக்கார். நாலு பேர் நன்றி வேற சொல்லியிருக்காங்க. படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. பாக்கெட்டை முழுசாப் பிரிச்சு, ஒரு லிட்டர் குடிதண்ணியில மொத்தத்தையும் கொட்டணும்.

கணக்கன்: பாக்கெட் 20.5 கிராம். கால்வாசி 5.1 கிராம், தண்ணி 250 மில்லி. தராசு வெச்சு நிறுத்தா முடிஞ்சது. வகுத்தல் தெரியாதவங்களுக்கு நான் என்ன செய்ய?

தெளிநீர்: எடை சரி. உள்ள இருக்கறது? குளுக்கோஸ் 13.5, சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். நாலுக்கும் துகள் அளவு ஒண்ணா இருக்காது. பாக்கெட் ஆடி அசையும்போது சன்னமானது அடியில இறங்கும். நீங்க மேலாகக் கொட்டின 5.1 கிராமில் உப்பு எவ்வளவுன்னு எந்தத் தராசும் சொல்லாது. கூடிப்போனா ரத்தத்தில் சோடியம் ஏறும், குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் போகலாம்.

கணக்கன்: நல்லாக் குலுக்கிட்டுக் கொட்டினா?

தெளிநீர்: குலுக்கினா பிரியும்னுதான் சொல்றேன்! திறந்து வெச்ச பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டி தட்டறது தனி.

மருந்தகன்: 200 மில்லி பாக்கெட் தனியா இருக்கே. உண்மையான ஆபத்து வேற இடத்துல. ரெண்டையும் குழப்பி, லிட்டர் பாக்கெட்டை ஒரே தம்ளர்ல கொட்டறாங்க. கரைசல் அஞ்சு மடங்கு கெட்டியாயிடும், உடம்புத் தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும், பேதி இன்னும் கூடும்.

கணக்கன்: பாருங்க, அதுக்குத்தான் கால்வாசி!

தெளிநீர்: அதுக்கு 200 மில்லி பாக்கெட். கால்வாசி இல்ல.

இனியா: பேதிக்கு ஓஆர்எஸ்ஸோட கொடுக்கற ஜிங்க் (துத்தநாக மருந்து) பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. 6 மாசத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், அதுக்குக் கீழ 10. பேதி நின்னாலும் 10 முதல் 14 நாள் வரை. கணக்கன் முன்ன ஜிங்க் பத்தின இழையில "பேதி நின்னதும் ஜிங்கை நிறுத்திடலாம்"னு அடிச்சுப் பேசினவர்தானே?

கணக்கன்: பழைய பகையை இங்க இழுக்காதீங்க. குழந்தை வாந்தி எடுத்தா ஒரு லிட்டரும் வீண். அதனாலதான் கொஞ்சமாக் கலக்கச் சொல்றேன்.

தெளிநீர்: வாந்தி எடுத்தா 10 நிமிஷம் பொறுத்து, ஒவ்வொரு ஸ்பூனா, நிதானமாக் கொடுக்கணும். தம்ளரோட வாயில சாய்ச்சாத்தான் திரும்ப வரும். 2 வயசுக்குள்ள ஒவ்வொரு தடவை பேதி போனதும் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேல 100 முதல் 200. பத்துத் தடவை போற குழந்தைக்கு ஒரு லிட்டர் எப்படிங்க வீணாகும்? கலக்கி 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடணும். வீணாகறது தண்ணியும் பொடியும்தான். கண்ணு குழிஞ்சு, துவண்டு, குடிக்கவே முடியாமப் போனா ஸ்பூனோட நிக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, டிரிப்ஸ் ஏத்தணும்.

மருந்தகன்: ருசிக்குச் சர்க்கரை சேர்க்கறவங்களையும் சொல்லுங்க.

தெளிநீர்: அது வேண்டவே வேண்டாம். முதல்ல கால் பாக்கெட் பதிவை அவர் நீக்கட்டும்.

கணக்கன்: நீக்க மாட்டேன். 5.1 கிராம், 250 மில்லி. கணக்குல தப்பைக் காட்டுங்க.

தெளிநீர்: தப்பு கணக்குல இல்ல, பாக்கெட்டுக்குள்ள. இன்னும் எத்தனை தடவை எழுதணும்?

இனியா: ஜிங்குக்கு இன்னும் பதில் வரலை, கணக்கன்.