பிரின்ஸ் ஆல்பர்ட்: நேத்து 29 டிகிரி, இன்னிக்கு ராத்திரி உறைபனியாம். அம்மா அப்பா பெட்டியில என்ன வைக்கச் சொல்றது?

நெல்லிக்கனி:
கனடாவுல சஸ்காட்சுவான் மாகாணத்துல இருக்குற பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. அம்மாவும் அப்பாவும் மதுரையில இருந்து வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க. அப்பா மணிக்கொரு தடவை கூப்பிட்டு ஸ்வெட்டர் வைக்கணுமா வேண்டாமான்னு கேக்குறாரு. நேத்து மத்தியானம் 29 டிகிரி. இன்னிக்கு ராத்திரிக்கு ஃப்ராஸ்ட் அட்வைசரி, அதாவது உறைபனி அறிவிப்புன்னு போன்ல வந்திருக்கு. ஆனா இந்தக் கோடை வழக்கத்தைவிட வெப்பமா இருக்கும்னு வானிலைத் துறை வரைபடம் சொல்லுது. எதை நம்புறது? பெட்டி பாதி கட்டியாச்சு, சீக்கிரம் சொல்லுங்க.

கொங்குக்காத்து:
ஸ்வெட்டரெல்லாம் பத்தாதுங்க. மைனஸ் 40 வரைக்கும் தாங்குற பார்க்காங்குற தடிச்ச குளிர்க்கோட்டு, அதே அளவுக்கு பூட்ஸ் ரெண்டும் வேணும். குளிர்கால உருப்படி எல்லாம் குளிர்காலம் முடியுறப்பதான் தள்ளுபடியில கிடைக்கும், இப்பவே வாங்கி வைங்க. கார்ல இன்ஜினைச் சூடாக்குற பிளாக் ஹீட்டர் இருக்குதான்னு பாருங்க, மைனஸ் 15க்குக் கீழ போனா அதைச் சொருகணும். வெளிய போடுற வயர் மெல்லிசா இருக்கக் கூடாதுங்க, 14 கேஜாவது வேணும்.

மாட்டுத்தாவணி:
அண்ணே, அவங்க வர்றது ஜூன்ல. பார்க்கா எதுக்கு? பருத்திச் சேலை, வேட்டி, ரெண்டு அரைக்கைச் சட்டை, அம்புட்டுத்தான். ஜூலையில 33 கூடப் போகும். கம்பளியைக் கட்டிட்டு வந்தா பெட்டி எடைதான் ஏறும்.

வடதிசை:
ரெண்டு பேர் சொல்றதும் இந்த வாரத்துக்குச் சரிப்படாது. முதல்ல உங்க கேள்விக்கு வர்றேன்.

வரைபடத்தையும் நம்பலாம், அட்வைசரியையும் நம்பலாம். ரெண்டும் சொல்றது வேற வேற விஷயம். அந்த வரைபடம் மூணு மாசத்துச் சராசரி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சேர்த்துப் பார்த்தா பல வருஷச் சராசரியைவிட வெப்பமா முடியுறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு மட்டும்தான் அது சொல்லும். சராசரி ஒரு டிகிரி கூடுனாலும் அதுக்குள்ள நாலு உறைபனி ராத்திரிக்கு இடம் இருக்கு. மழைக்கான வரைபடத்தை இன்னும் குறைவா நம்புங்க. இங்க வருஷத்துலயே அதிக மழை ஜூன், ஜூலையிலதான். அதுல பெரும்பகுதி இடிமழை. இந்தத் தெருவுல கொட்டும், பக்கத்து ஊர் காயும். அதை மூணு மாசம் முன்னாடியே யாராலும் கணிக்க முடியாது.

நேத்து 29, இன்னிக்கு உறைபனின்னா நடுவுல ஒரு குளிர்காத்து முகப்பு, அதாவது முன்னேறி வர்ற குளிர்காத்தோட முன் எல்லை, கடந்து போயிருக்கு. காத்து வடமேற்குல இருந்து திரும்பியிருக்கும், பாருங்க. ஆர்க்டிக் பக்கத்துல இருந்து இறங்குற காத்தைத் தடுக்க இடையில ஒரு மலை கிடையாது. அதுக்கப்புறம் மேகம் இல்லாத ராத்திரி வந்தா தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுடும். மதுரையில காத்துல இருக்குற ஈரம் அந்தச் சூட்டைப் போர்வை மாதிரி பிடிச்சு வைக்கும். இங்க கடலும் தூரம், காத்தும் வறட்சி. ஜூன்ல பகல் 22, ராத்திரி 9 டிகிரியை ஒட்டி இருக்குறது சாதாரணம். அதனால பகல் வெப்பத்தைப் பார்த்து உடை எடுக்காதீங்க, ராத்திரிக் குறைந்தபட்சத்தைப் பாருங்க.

இன்னொண்ணு. ஃப்ராஸ்ட் அட்வைசரி செடிகளுக்கானது. வெப்பமானி தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கும், புல் நுனியில அதைவிடக் குளிரும். 2 டிகிரின்னு போட்டிருந்தாலும் காலையில புல்லு வெளுத்திருக்கலாம்.

துளசிமாடம்:
அப்போ என் கருவேப்பிலைத் தொட்டி? கத்திரி, மிளகாய் நாத்தும் போன வாரம் தரையில நட்டுட்டேன்.

வடதிசை:
தொட்டியை உள்ள எடுத்துடுங்க. ராத்திரி 10க்குக் கீழ போறது நிக்குற வரைக்கும் கருவேப்பிலை உள்ளேயே தூங்கட்டும். நட்ட நாத்துக்கு சாயங்காலமே மண்ணுல தண்ணி விடுங்க, ஈர மண் சூட்டைப் பிடிச்சு வைக்கும். பழைய பெட்ஷீட்டை நாலு பக்கமும் தரையைத் தொடுற மாதிரி போர்த்துங்க. தரையில இருந்து வர்ற சூடு உள்ள நிக்கணும், அதுக்குத்தான். செடியை மட்டும் கட்டி வச்சா பிரயோஜனம் இல்ல. பிளாஸ்டிக் இலையில படக்கூடாது, பட்ட இடம் கருகும். வெயில் ஏறினதும் எடுத்துடுங்க. இந்தப் பக்கம் மே கடைசி, ஜூன் முதல் வாரம் வரைக்கும் உறைபனி வரலாம். மே மாசத்துல வர்ற விக்டோரியா டே விடுமுறை முடிஞ்ச உடனே எல்லாத்தையும் நட்டுடுறது தெற்கே இருக்குறவங்களுக்கே சில வருஷம் கைகொடுக்காது.

பனங்கூடல்:
பிள்ளை, நீங்கள் நிலத்துக்குக் கீழ இருக்கிற பேஸ்மென்டில இருக்கிறியளோ, மேல் வீட்டிலயோ? அம்மா அப்பா எத்தனை மாதம் நிக்கப் போயினம்? வருத்தம், நோய் ஏதும் இருக்கோ? ஒண்டும் சொல்லாமல் ஸ்வெட்டர் வேணுமோ எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? பேஸ்மென்ட் எண்டால் வெளியில 30 அடிச்சாலும் உள்ளுக்கை குளிரும். சாக்ஸும் மெல்லிய ஸ்வெட்டரும் ஜூலையிலயும் தேவைப்படும்.

கொங்குக்காத்து:
பேஸ்மென்ட்டுன்னதும் ஞாபகம் வருதுங்க. மே பிறந்ததும் வீட்டுக்காரங்க ஹீட்டரை அணைச்சுப் போட்டுடறாங்க. வெளிய 3 டிகிரி, கேட்டா கோடை வந்துருச்சுங்கறாங்க. வாடகை மட்டும் ஏறிட்டே போகுது.

மாட்டுத்தாவணி:
முன்னறிவிப்பும் அப்படித்தான். 40 சதவீதம் மழைன்னு போடுவாய்ங்க, ஒரு சொட்டு விழாது. விமான டிக்கெட் விலையைப் பத்தி நான் பேசவே விரும்பல.

துளசிமாடம்:
டிக்கெட்டா! மூணு இடத்துல மாறி வரணும், ஒரு விமானம் தாமதமானா மொத்தமும் போச்சு. இந்த ஊருக்கு நேரா எதுவுமே கிடையாது.

வடதிசை:
40 சதவீதம்னா அந்தப் பகுதியில எந்த ஒரு இடத்தை எடுத்தாலும் அங்க குறைஞ்சது 0.2 மில்லிமீட்டர் விழுறதுக்கு 40 சதவீதம் வாய்ப்பு. எவ்வளவு நேரம், எவ்வளவு கனமாங்கிறது அதுல இல்ல. உங்க வீட்டுல விழலைங்கறதுக்காக முன்னறிவிப்பு பொய்யாயிடாது.

நெல்லிக்கனி:
மன்னிக்கணும், அவசரத்துல எதையும் சொல்லல. பேஸ்மென்ட்தான். செப்டம்பர் வரைக்கும் இருப்பாங்க. அம்மாவுக்கு வீசிங் உண்டு, ஊர்ல பனிக்காலத்துல மட்டும் இன்ஹேலர் எடுப்பாங்க. சனிக்கிழமை ராத்திரி 10 மணி வாக்குல சஸ்கட்டூன் விமான நிலையத்துல இறங்குறாங்க, நான்தான் கார் எடுத்துட்டுப் போறேன். இதெல்லாம் ஸ்வெட்டருக்குச் சம்பந்தமான்னு தெரியல.

பனங்கூடல்:
இதைத்தான் பிள்ளை முதல்ல சொல்லியிருக்க வேணும். அம்மாவுக்கு இழுப்பு எண்டால் குளிரை விடக் காட்டுத்தீப் புகைதான் பெரிய விஷயம்.

மருந்துச்சீட்டு:
ஆமா, எல்லாரும் கொஞ்சம் துணியை விடுங்க, இதைப் பார்ப்போம். பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு வடக்கே முழுக்கக் காடு. பனி உருகி, புது இலை முழுசா விரியுறதுக்கு முன்னாடி, மே மாசத்துல காய்ஞ்ச புல்லும் சருகும் சட்டுன்னு பத்தும். 2025 மே 29ல காட்டுத்தீயால மாகாணம் முழுக்க அவசரநிலை அறிவிச்சாங்க. ஜூன்ல வடக்கே இருக்குற லா ரோஞ்ச் ஊர் மக்களையே வெளியேத்த வேண்டி வந்துச்சு. தீ 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் காத்து திரும்பினா புகை ஊருக்குள்ள வந்துடும்.

இன்னிக்கே அப்பாகிட்ட சொல்லுங்க: அம்மாவோட இன்ஹேலர், அதுல மாட்டுற ஸ்பேசர் குழாய், டாக்டர் சீட்டு மூணும் கைப்பையில வரணும், பெட்டியில போடக் கூடாது. பெட்டி வழியில தங்கிட்டா மருந்தும் தங்கிடும். பனிக்காலத்துக்கு மட்டும்னு நினைச்சு விட்டுட்டு வரப் போறாங்க, அதான் பயம். கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க டாக்டரைப் பார்த்து, புகை இருக்குற நாள்ல எப்படி எடுக்கணும்னு எழுதி வாங்கிக்கட்டும். பயணிக் காப்பீட்டுல வீசிங்கை மறைக்காம எழுதுங்க. ஏற்கெனவே இருக்குற நோயைச் சொல்லாம விட்டா, பின்னாடி ஆஸ்பத்திரிச் செலவை மறுக்க அதுவே காரணமாயிடும்.

இங்க பார்க்க வேண்டிய எண் ஏ.க்யூ.எச்.ஐ., அதாவது காத்து உடம்புக்கு எவ்வளவு கெடுதல்னு சொல்ற குறியீடு. கனடா வானிலைத் துறையோட வெதர்கேன் செயலியிலயே வரும். 1 முதல் 3 வரை கவலை இல்ல. 4 முதல் 6 வந்தா, மூச்சு முட்டுதுன்னு அம்மா சொன்னா நடையைக் குறைக்கணும். 7 வந்துட்டாலே அம்மா உள்ளேயே இருக்கட்டும். 10ஐத் தாண்டினா எல்லாரும். அவசரமில்லாத உடம்புச் சந்தேகத்துக்கு 811க்குப் போன் பண்ணுங்க. பேச முடியாம மூச்சு இழுத்தாலோ உதடு நீலமானாலோ 911, யோசிக்கவே வேண்டாம்.

மாட்டுத்தாவணி:
ராத்திரி ஜன்னலைத் தொறந்து வச்சா குளுகுளுன்னு காத்து வரும், ஏசியே தேவையில்லைன்னு சொல்லுவாங்களே?

மருந்துச்சீட்டு:
குறியீடு 3 இல்ல அதுக்குக் கீழ இருந்தா தாராளமா திறங்க. புகை நாள்ல கூடவே கூடாது. வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸோட விசிறியை 'ஆட்டோ'வுல இருந்து 'ஆன்'னுக்கு மாத்துங்க, அப்பத்தான் காத்து விடாம ஃபில்டர் வழியா சுத்தும். ஃபில்டர் மெர்வ் 13 நல்லது, மெர்வ்ங்கிறது நுண்தூளை எவ்வளவு பிடிக்கும்னு சொல்ற தர எண். ஆனா பழைய ஃபர்னஸ்ல ஒரு இன்ச் மெர்வ் 13 போட்டா காத்து திணறலாம், வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க. அளவு பழைய ஃபில்டரோட சட்டத்துலயே அச்சடிச்சிருக்கும். குளியலறை விசிறியையும் அடுப்பு மேல இருக்குற விசிறியையும் மணிக்கணக்கா ஓட விடாதீங்க. உள்ள இருக்குற காத்தை அது வெளிய தள்ளத் தள்ள, அந்த அளவுக்குப் புகைக்காத்து இடுக்கு வழியா உள்ள வரும். அந்த நாட்கள்ல வடை, பூரி, கடுகு கருக விடுற தாளிப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். இட்லி, கஞ்சி, ரசம் போதும். பேஸ்மென்ட்ல சமையல் புகை போக வழியே இருக்காது.

ஃபர்னஸ் மேல் வீட்டுக்காரர் கையில இருந்தா அம்மா தூங்குற அறைக்குத் தனியா ஒண்ணு செஞ்சுக்கலாம். சதுரப் பெட்டி மாதிரி இருக்குற 20 இன்ச் பாக்ஸ் ஃபேன், 20க்கு 20 மெர்வ் 13 ஃபில்டர் ஒண்ணு, அகல டேப். ஃபேன் காத்தை இழுக்குற பின்பக்கம் ஃபில்டரை வைங்க. சட்டத்துல இருக்குற அம்புக்குறி ஃபேனைப் பார்க்கணும். நாலு ஓரத்தையும் இடைவெளி இல்லாம ஒட்டுங்க, ஓட்டை இருந்தா காத்து ஃபில்டரைச் சுத்திக்கிட்டு அது வழியாத்தான் போகும். 2012க்கு முந்தின பழைய ஃபேன் வேண்டாம், மோட்டார் சூடேறலாம். ஆள் இல்லாத வீட்டுல ஓட விடாதீங்க. ஃபில்டர் பழுப்பா மாறினா மாத்துங்க. பலமான புகையில சில நாள்லயே மாறிடும்.

பனங்கூடல்:
என்95 முகமூடியும் ஒரு பெட்டி வாங்கி வையுங்கோ. துணி முகமூடி புகைத்தூளை மறிக்காது. புகை வந்தாப் பிறகு கடைக்குப் போனால் முகமூடியும் இராது, ஃபில்டரும் இராது.

வடதிசை:
சனிக்கிழமை ஓட்டம் பத்தி. சஸ்கட்டூன்ல இருந்து 11ஆம் நெடுஞ்சாலையில சுமார் 140 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பெட்டி எடுத்துக் கிளம்பவே 11 ஆயிடும். இப்ப சூரியன் ஒன்பதே காலுக்குப் பிறகுதான் மறையுது. விடியற்காலையிலயும் அந்தி தாண்டின நேரத்துலயும் மான் ரோட்டுக்கு வரும். எதிரே வண்டி இல்லாதப்ப ஹை பீம், வேகம் 90, கண்ணு ரெண்டு பக்கப் பள்ளத்துலயும். ஒரு மான் தாண்டினா பின்னாலயே இன்னொண்ணு வரும்னு வச்சுக்கோங்க. குறுக்கே வந்தா பிரேக் அடிங்க, ஸ்டீயரிங்கை ஒடிக்காதீங்க. பள்ளத்துல உருள்றது மான் மேல மோதுறதைவிட மோசம். கிளம்புறதுக்கு முன்னாடி ரோட்டு நிலைமையைச் சொல்ற ஹைவே ஹாட்லைனைப் பாருங்க. குளிர்கால டயர் இன்னும் போட்டிருந்தா மாத்திடுங்க. 7 டிகிரிக்கு மேல அந்த ரப்பர் இளகும், சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் எடுக்கும்.

இடிமழைக்கு ஒரே ஒரு விஷயம். அறிவிப்புல வாட்ச்னா வர வாய்ப்பு இருக்கு, வார்னிங்னா வந்துட்டு இருக்கு இல்ல வரப் போகுது. சுழற்காத்து வார்னிங்கா போன் அலறினா நீங்க ஏற்கெனவே பேஸ்மென்ட்ல இருக்கீங்க, ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு மட்டும் போங்க. அந்தச் சத்தத்தை அப்பா அம்மாவுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, இல்லைன்னா பதறிடுவாங்க.

துளசிமாடம்:
தூக்கத்துக்கும் ஒரு வழி பண்ணி வைங்க. ஜூன் நடுவுல ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம், விடியக்காலை அஞ்சுக்கு முன்னாடியே வெயில். வெளிச்சம் வராத தடிச்ச திரைச்சீலை வேணும். பொழுது சாயட்டும், விளக்கேத்தலாம்னு அம்மா காத்திருந்தா சாப்பாட்டு நேரமே தள்ளிப் போயிடும்.

பனங்கூடல்:
பெட்டிக்குள்ள இப்ப சொல்லுறன் பிள்ளை. ஆளுக்கு ஒரு ஃப்ளீஸ், காத்தும் மழையும் பிடிக்காத மெல்லிய ஜாக்கெட் ஒண்டு, நாலு சோடி சாக்ஸ், மூடின சப்பாத்து. அம்மா சேலையெண்டால் உள்ளுக்கை போட ரெண்டு லெக்கிங்ஸ். மிச்சம் எல்லாம் பருத்தி. பார்க்கா வேண்டாம், செப்டம்பரில திரும்பிப் போயிடுவினம் தானே. புல்லுக்கை நடந்தால் உண்ணி ஏறும், மே ஜூனில கூட. லெக்கிங்ஸை சாக்ஸுக்குள்ள விடச் சொல்லுங்கோ. நுளம்பு, கொசு கடிக்காமல் பூசுற 20 சதவீத இக்காரிடின் மருந்து இஞ்ச வாங்கலாம்.

நெல்லிக்கனி:
அம்மாகிட்ட பேசிட்டேன். இன்ஹேலரை வீட்டுலயே வைக்கத்தான் இருந்தாங்க. நாளைக்கு டாக்டரைப் பார்க்குறாங்க. இப்பதான் கடையில இருக்கேன். 20 இன்ச் ஃபேன் இருக்கு, ஆனா 20க்கு 20 ஃபில்டர் தீர்ந்துடுச்சு. 16க்கு 25தான் இருக்கு. வாங்கலாமா?

மருந்துச்சீட்டு:
வாங்குங்க. மெர்வ் 13தானான்னு மட்டும் பாருங்க. ஃபேன் முகத்துல ஒரு பக்கம் 4 இன்ச் மூடாம இருக்கும், இன்னொரு பக்கம் ஃபில்டர் 5 இன்ச் வெளிய நீட்டிக்கும். மூடாத இடத்துக்கு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டுங்க, நீட்டுற பகுதிக்குப் பின்னாலயும் அட்டை வச்சு அடைங்க. ஓட விட்டு ஓரம் பூரா கையை வச்சுப் பாருங்க. எங்கயாவது காத்து இழுத்தா அங்க இன்னொரு சுத்து டேப். 20க்கு 20 வந்ததும் மாத்திக்கலாம்.