8.3 இருந்தது, 8.4 கேட்டது

ஈசூன் வாசி:

நான் வேலை பார்க்கும் இடத்தில் இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சர்வர் இருக்கிறது. எதைக் கொண்டுபோவதானாலும் தம்ப் டிரைவில் போட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். 2014இல் வந்தது, 2024 ஜூன் 30உடன் அதற்கான ஆதரவும் முடிந்துவிட்டது. எங்களிடம் மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் உழைக்கிறது.

போன மாதம் அதில் பைத்தான் 3.11இல், கணக்கீடுகளுக்கான நம்பை நூலகத்தின் 1.26 பதிப்பை நிறுவச் சொன்னார்கள். என் மடிக்கணினி மேக். அதில், பைத்தான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் கருவி மூலம் இறக்கிய கோப்பைக் கொண்டுபோனேன். மேக்குக்கான கோப்பு என்பதால் சர்வர் வாங்க மறுத்தது. சரி, மூலநிரலையே கொண்டுபோய் அங்கேயே கம்பைல் செய்துவிடலாம், அதாவது சர்வர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். அது தனியாக வராது. மேசன், நின்ஜா, சைத்தன் என்று துணைக் கருவிகளின் ஒரு பட்டாளமே கூட வர வேண்டும். கடைசிப் பெயரைச் சைத்தான் என்று படித்தாலும் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கட்டளையைக் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்பு. கடைசி வரியில், பிரச்சினை பிப்பில் இல்லை, மேலே குறிப்பிட்ட பேக்கேஜில்தான் என்று பிப் கை கழுவியிருந்தது. அதை நம்பி, தம்ப் டிரைவில் கோப்பு கெட்டுவிட்டதோ என்று மறுபடி இறக்கி, மறுபடி சோதனை, மறுபடி கையெழுத்து. ஒரு பகல் அதிலேயே போயிற்று. மாலையில்தான் பொறுமையாக மேலே போய்ப் படித்தேன். நடுவில் ஒரே ஒரு வரி: நம்பைக்கு ஜிசிசி 8.4 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஜிசிசிதான் கம்பைல் செய்யும் கருவி, அதாவது கம்பைலர். சர்வரில் இருந்தது ஜிசிசி 4.8.5. பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே 2015 ஜூன் என்று தேதியும் போட்டிருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான், பழைய சர்வரிலும் புதிய ஜிசிசியைத் தரும் டெவ்டூல்செட் 8 என்ற தொகுப்பை முன்பே நிறுவி வைத்திருந்தார். எட்டு என்று பார்த்ததும் நிம்மதியாக எம்ஆர்டி ரயில் ஏறினேன். மறுநாள் அதை இயக்கிப் பார்த்தால் அதிலுள்ள ஜிசிசி 8.3.1. கேட்பது 8.4! டெவ்டூல்செட் 9இன் கோப்புகளைச் சென்ட்ஓஎஸ்ஸின் பழைய கிடங்கான வால்ட்டிலிருந்து இறக்கி, மறுபடி அதே கையெழுத்துச் சடங்கு. அதில் 9.3.1. முதல் முயற்சியிலேயே கம்பைல் ஆனது.

அதற்கு அடுத்த நாள் சக ஊழியர் ஒருவர் அதே பிழையைக் காட்டிக்கொண்டு வந்தார். டெவ்டூல்செட்டை இயக்கும் எஸ்சிஎல் கட்டளை திறந்து கொடுக்கும் அந்த ஷெல்லில், அதாவது கட்டளைத் திரையில் மட்டும்தான் புதிய கம்பைலர். வெளியே வந்துவிட்டால் பழைய 4.8.5தான். அவருக்கு அதைச் சொல்லாதது என் தவறு.

தேக்கா டீ:

தம்பி, நீங்கள் டெவ்டூல்செட் பக்கம் போனதால் பிழைத்தீர்கள். நான் இதே சென்ட்ஓஎஸ் 7இல் ஜிசிசி 7ஐ மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்தவன். மாலையில் தொடங்கிவிட்டுப் போய்த் தேக்காவில் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்து பார்த்தேன், முடிந்திருந்தது. பெருமையாக எங்கள் நிரலை அதில் கட்டி வாடிக்கையாளரின் சர்வரில் போட்டேன். திறக்கவே இல்லை. சி++ நூலகத்தின் பதிப்புக் குறியான ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.20 கிடைக்கவில்லை என்று ஒரே புலம்பல். அந்தச் சர்வரில் இருந்த சி++ நூலகத்துக்கு 3.4.19 வரைதான் தெரியும், 3.4.20 ஜிசிசி 4.9உடன் வந்தது. என் கணினியில் புதிய நூலகம் இருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

டெவ்டூல்செட் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. பழைய நூலகத்தில் இல்லாத புதிய பகுதிகளை மட்டும் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும். மற்றதைச் சர்வரில் இருக்கும் நூலகத்திடமே கேட்டுக்கொள்ளும். அதனால் கட்டிய நிரலை வேறு சென்ட்ஓஎஸ் 7 சர்வருக்குத் தூக்கிப் போனாலும் ஓடும்.

இரவு ஷிப்ட்:

என்னுடையது சின்னக் கதை. சி மொழியில் எழுதிய ஒரு பேக்கேஜ், ஃபார் சுழலுக்குள் மாறியை அறிவித்ததற்காகவே கம்பைல் ஆகவில்லை. ஜிசிசி 5க்கு முன்பு இயல்பாக எடுத்துக்கொண்டது 1990ஆம் ஆண்டின் சி, அதில் அப்படி அறிவிக்க முடியாது. கம்பைலரை மாற்றவே இல்லை. 1999ஆம் ஆண்டின் சியை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஜிஎன்யு99 என்ற தெரிவைச் சேர்த்தேன், முடிந்தது.

பொங்கோல் அக்கா:

கம்பைல் ஆகாவிட்டால் பிழை கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குக் கம்பைல் ஆனது. முகவரிப் படிவத்தில் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம்தானா என்று பார்க்க, எழுத்துகள் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் சி++11இன் ரெஜெக்ஸ் வைத்து எழுதியிருந்தேன். 4.8.5இல் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. ஓட்டியதும் முதல் முகவரியிலேயே நிரல் விழுந்தது. என் வடிவத்தில்தான் பிழை என்று சதுர அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணி இரண்டு நாள் கழித்தேன். 4.8இல் ரெஜெக்ஸுக்குத் தலைப்புக் கோப்பு மட்டும்தான் ஒழுங்காக இருந்தது. உள்ளே வேலை முடிந்திருக்கவில்லை. 4.9இல்தான் அதை முழுமையாக எழுதினார்கள்.

ஈசூன் தம்பிக்கு ஒன்று. நீங்கள் கம்பைலரைத் தொட்டிருக்கவே வேண்டாம். மேக்கில் இருந்தபடியே பிப் டவுன்லோடு கட்டளையில் பிளாட்ஃபார்ம் மேனிலினக்ஸ்2014, எக்ஸ்86_64 என்றும், பைத்தான் 3.11 என்றும், கம்பைல் ஆன கோப்பு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட்டால், லினக்ஸுக்காக முன்பே கம்பைல் ஆன வீல் கோப்பே இறங்கும். மேனிலினக்ஸ்2014 என்ற தரமே சென்ட்ஓஎஸ் 7ஐ அடிப்படையாக வைத்து உருவானது. உங்கள் சர்வருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஈசூன் வாசி:

அக்கா, நேற்றுச் செய்து பார்த்தேன். ஏறக்குறைய 18 மெகாபைட், ஒரே கோப்பு, ஒரே கையெழுத்து. கோப்பி ஆறுவதற்குள் நிறுவி முடிந்தது. மூன்று நாள் பட்ட பாட்டை மேலாளரிடம் எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

அவர் வேறொரு நல்ல செய்தி வைத்திருந்தார். அடுத்த மாதம் அந்தச் சர்வரை ஆல்மாலினக்ஸ் 8 என்ற புதிய இயங்குதளத்துக்கு மாற்றுகிறார்களாம். அதில் இயல்பாகவே வருவது ஜிசிசி 8.5. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பையின் புதிய பதிப்புகள் இப்போது 9.3 கேட்கின்றன.