எங்க நாய் ஜூலி சூயிங்கம் தின்னுட்டா

குழு: நம்ம வீடு

*செவ்வாய்க்கிழமை*

மாலை 6:41
தம்பி: (படம்)
தம்பி: அக்கா இருக்கியா? ஜூலி பெரியப்பாவோட பையை இழுத்துப் போட்டு சூயிங்கம் பாக்கெட்டைக் கடிச்சு வச்சிருக்கா. தரையெல்லாம் காகிதம்

6:42
சித்தி: அட விடுப்பா, சூயிங்கம்தானே. நாளைக்கு வெளிய போயிடும்
மாமா: கொஞ்சம் பால் வை

6:43
நான்: யாரும் பால் வைக்க வேண்டாம். தம்பி, அது சர்க்கரை இல்லாத சூயிங்கமா? பாக்கெட் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு. உடனே
பெரியப்பா: ஆமாம்மா, சர்க்கரை இல்லாததுதான். எனக்கு சுகர் இருக்குன்னு அதைத்தானே வாங்குறேன்
தம்பி: (படம்)

6:44
நான்: முதல் பொருளே சைலிடால். சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்பு, நாய்க்கு விஷம். ஜூலி எடை என்ன? எத்தனை துண்டு உள்ள போச்சு? எவ்வளவு நேரம் ஆச்சு?
தம்பி: போன வாரம் ஊசி போடப் போனப்ப 9 கிலோ. பாக்கெட்ல 10 துண்டு. பெரியப்பா ரெண்டு மென்னாராம், கீழ ரெண்டு கிடக்கு. 6 போயிருக்கும். நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன், 20 நிமிஷம் இருக்கும். ஆனா நல்லாத்தான் இருக்கா அக்கா, வாலை ஆட்டுறா

6:45
நான்: வால் ஆட்டுறதைப் பார்த்துட்டு நிக்காத. வண்டியை எடு. பக்கத்துல எந்த கால்நடை மருத்துவமனை திறந்திருக்கோ அங்க போன் போட்டு "9 கிலோ நாய், சைலிடால் சூயிங்கம் 6 துண்டு, 20 நிமிஷம் ஆச்சு"ன்னு மட்டும் சொல்லு. அவங்க தயாரா இருப்பாங்க. பாக்கெட்டையும் கையோட கொண்டு போ
தம்பி: உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கவா?
நான்: கூடவே கூடாது. உப்பு அதிகமா போனா அதுவே நாய்க்கு விஷம், ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வரும். வாந்தி எடுக்க வைக்கணுமா வேண்டாமான்னு அங்க டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பாதி மயக்கத்துல இருக்கிற நாயை வாந்தி எடுக்க வச்சா அது நுரையீரலுக்குள்ள போயிடும்
நான்: பெரியப்பா, ஒரு சின்ன பாட்டில்ல நிஜச் சர்க்கரையை நல்லா கெட்டியா கரைச்சு ரேவதி கைல குடுத்து விடுங்க

6:51
பெரியப்பா: குடுத்துட்டேன். கிளம்பிட்டாங்க. வாசப்படி இறங்கும்போது ஜூலிக்குப் பின்னங்கால் ரெண்டும் மடிஞ்சு போச்சு சுதா. நான்தான் தூக்கி வண்டில வச்சேன்

6:52
சித்தி: ஐயோ. ஒரு மிட்டாய்க்கு இப்படி ஆகுமா கண்ணு?

6:55
நான்: ஆகும் சித்தி. நாம சைலிடால் சாப்பிட்டா நம்ம உடம்புல இன்சுலின் பெருசா அசையாது. அதனாலதான் சுகர் இருக்கிறவங்களுக்கு அது ஒத்துக்குது. நாயோட கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சர்க்கரை வந்துடுச்சுன்னு நினைச்சு இன்சுலினைக் கொட்டும். வந்தது சர்க்கரை இல்ல, அதனால ரத்தத்துல ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையும் மளமளன்னு இறங்கிடும். பல நாய்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளயே. சூயிங்கம்னா உள்ள மெதுவா கரையும், அதனால சில சமயம் 12 மணி நேரம் கழிச்சுக்கூட ஆரம்பிக்கும்
நான்: கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே சர்க்கரை இறங்கலாம். ஜூலிக்கு அது ஒரு கிராம்கூட வராது. ஒரு துண்டுல 1 கிராம் வரைக்கும் இருக்கிற சூயிங்கம் உண்டு. 6 துண்டுன்னா மோசமான கணக்குல 6 கிராம். கிலோவுக்கு 0.5 கிராம் தாண்டினா கல்லீரலும் அடிபடும். ஜூலி அதையும் தாண்டியிருக்கலாம்

7:04
ரேவதி: அண்ணி, அவர் ஓட்டுறார், நான் பின்னாடி ஜூலியோட இருக்கேன். மடில வச்சா தலை சரியுது. ஒரு தடவை நுரையா வாந்தி எடுத்தா
நான்: சர்க்கரைத் தண்ணியை விரல்ல தொட்டு ஈறுல தடவு. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல. வாய்க்குள்ள ஊத்தாத, புரை ஏறிடும். வலிப்பு வந்தா விரலை உள்ள விடாத, கடிச்சிடுவா
ரேவதி: தடவுறேன். ஈறு குளுகுளுன்னு இருக்கு. நாக்கே அசையல
நான்: விடாத. தடவிக்கிட்டே இரு

7:09
ரேவதி: இப்ப விரலை நக்குறா அண்ணி

7:18
ரேவதி: உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. சர்க்கரை 41னு சொன்னாங்க
நான்: நாய்க்கு 80லேர்ந்து 120க்குள்ள இருக்கணும். 60க்குக் கீழ போனாலே ஆபத்து. நீ தடவினது வீண் போகல, நேரத்தைப் பிடிச்சுக் குடுத்திருக்கு
ரேவதி: நரம்புல குளுக்கோஸ் ஏத்துறாங்க. இன்னிக்கு ராத்திரி அங்கயே இருக்கணுமாம்
நான்: ஆமா. ஏத்தினா உடனே எழுந்து நிப்பா, அதை நம்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. மறுபடி இறங்கும். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்ப்பாங்க

7:26
மாமா: சுதா, நான் காபில போடுற மாத்திரை? எங்க வீட்டு நாய் டேபிள் மேல ஏறும்
நான்: என்ன பேர் போட்டிருக்குன்னு பாருங்க மாமா
மாமா: சுக்ரலோஸ்
நான்: சுக்ரலோஸ், அஸ்பார்டேம், ஸ்டீவியா, எரித்ரிடால் இதெல்லாம் சைலிடால் மாதிரி இன்சுலினைத் தூண்டாது. நிறைய தின்னா வயிறு போகும், அவ்வளவுதான். ஆனா ஒரே பொடில ரெண்டு மூணு இனிப்பைக் கலந்து விப்பாங்க, அதனால முன்பக்கத்துல பெருசா போட்டிருக்கிற பேரை நம்பாதீங்க, பின்பக்கம் முழுசா படிங்க
நான்: இன்னொண்ணு. வாயில சொல்றப்ப சைலிடால்னு "ச"ல ஆரம்பிச்சாலும் ஆங்கிலத்துல அது எக்ஸ் எழுத்துல ஆரம்பிக்கும். எஸ்-ல தேடினா கண்ணுல படாது. சில பாக்கெட்ல ஈ967னு எண் மட்டும் இருக்கும். பிர்ச் சுகர்னு எழுதியிருந்தாலும் அதேதான். அந்தப் பேர்ல ஏதோ மரத்துச் சர்க்கரை, இயற்கையானதுன்னு தோணும்

7:31
அத்தை: சுதா, டூத்பேஸ்ட்லகூட இருக்குமா
அத்தை: நான் டைகருக்கு எங்க பேஸ்ட்லதான் பல் தேய்ச்சு விடுறேன். வாரத்துக்கு ரெண்டு தடவை
நான்: பல பேஸ்ட்ல இருக்கும் அத்தை. வாய் கொப்பளிக்கிற மருந்து, சப்பிச் சாப்பிடுற வைட்டமின் மாத்திரை, இருமல் மருந்து, சில பீநட் பட்டர், இதுலயும் வரும். மாத்திரையை பீநட் பட்டர்ல மறைச்சு நாய்க்குக் குடுக்கிறவங்க நிறைய பேர், அந்த டப்பாவைக் கட்டாயம் பார்க்கணும். நாய் கொப்பளிச்சுத் துப்பாது, முழுங்கிடும். நாய்க்குன்னே பேஸ்ட் இருக்கு, அதை வாங்குங்க
அத்தை: இப்பவே எடுத்து உள்ள வச்சுட்டேன்
அத்தை: பேரன் திராட்சையைத் தூக்கிப் போடுவான், டைகர் வாயில பிடிப்பான். அதுவும் தப்பா?
நான்: அதுவும் தப்புதான். பச்சைத் திராட்சை, கறுப்பு, உலர்ந்தது எல்லாமே. சிறுநீரகம் ஒண்ணு ரெண்டு நாள்ல நின்னு போகலாம். ஒரு நாய் ஒரு கை நிறையத் தின்னும் ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணுக்குக் கொஞ்சமே போதும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்ல ஒரு அளவே கிடையாது. ரொம்ப வருஷமா ஏன்னு புரியாம இருந்துச்சு. 2021ல அமெரிக்காவுல விஷமுறிவு உதவி மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலம் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. புளியிலயும் அதே அமிலம் நிறைய. புளியைத் தின்ன நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டிருக்கு

7:40
மாமா: எனக்குத் தெரிஞ்சது சாக்லேட் மட்டும்தான்
நான்: அதுல தியோப்ரோமின்னு ஒண்ணு. நாய் உடம்புல அது பாதியாக் குறையவே 17 மணி நேரம் ஆகும், அதனால படபடப்பு ஒரு நாள் முழுக்க இழுக்கும். கறுப்பு ஏற ஏற வீரியம் ஜாஸ்தி. 10 கிலோ நாய்க்குப் பால் சாக்லேட் 100 கிராம்ல தொந்தரவு தொடங்கும்னா, கேக் செய்யப் போடுற இனிப்பில்லாத சாக்லேட் 15 கிராமே போதும்

8:12
சித்தி: கண்ணு, வெங்காயம்?

8:14
நான்: வெங்காயம், பூண்டு ரெண்டுமே கூடாது சித்தி. வதக்கினாலும் வேக வச்சாலும் போகாது, பொடியாக்கினா இன்னும் வீரியம். ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுக்களை உடைச்சிடும். வெங்காயம் கிலோவுக்கு 15 கிராம் போனாலே ரத்தத்துல மாற்றம் வரும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் போனாலும் சேர்ந்துக்கும். இதுல கஷ்டம் என்னன்னா உடனே ஒண்ணும் தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சுதான் சோர்ந்து படுக்கும், அதுக்குள்ள என்ன தின்னுச்சுன்னே நமக்கு மறந்திருக்கும்

8:21
சித்தி: எங்க மணி கடைசில அப்படித்தான் படுத்தான். ஈறு வெள்ளையாப் போச்சு. ஒண்ணுக்கு சிவப்பா வந்துச்சு. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்
சித்தி: நாங்க சாப்பிட்டு மிச்சம் இருக்கிறதைத்தான் தினமும் போட்டேன். வெங்காயம் இல்லாம நான் எதை சமைச்சேன்

8:23
நான்: சித்தி, உண்ணிக் காய்ச்சல்லயும் அதே மாதிரிதான் வரும். ஈறு வெளுக்கும், சிறுநீர் சிவக்கும். ரத்தம் எடுத்துப் பார்க்காம எதுன்னு அப்பவே சொல்ல முடியாது, இத்தனை வருஷம் கழிச்சு யாராலயும் முடியாது. நீங்க உங்க தட்டுல இருந்து அவனுக்கு எடுத்து வச்சீங்க. அவன் 12 வருஷம் உங்க காலடிலதானே கிடந்தான்
சித்தி: ம்
நான்: இப்ப இருக்கிற குட்டிக்கு வெங்காயம் போடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுடுங்க. வெறும் சோறு, வேக வச்ச கறி. எலும்பை எடுத்துட்டு
சித்தி: சரி கண்ணு. நாளையில இருந்து

11:47
தம்பி: சர்க்கரை 88. எழுந்து உட்கார்ந்துட்டா. என்னைப் பார்த்து முனகுறா
நான்: நல்லது. நீ சாப்பிட்டியா?
தம்பி: இல்லக்கா. ரேவதி பிஸ்கட் வாங்கப் போயிருக்கா

*புதன்கிழமை*

அதிகாலை 3:20
தம்பி: மறுபடி 57க்கு இறங்கிடுச்சு. குளுக்கோஸைக் கூட்டியிருக்காங்க. நீ சொன்னது சரி, ராத்திரி கூட்டிட்டு வந்திருந்தா தூங்குறான்னு நினைச்சிருப்போம்

காலை 9:05
தம்பி: 6 மணியிலேர்ந்து 95க்குக் கீழ இறங்கல. கொஞ்சம் சாப்பிட்டா
அத்தை: அப்பாடா
நான்: கல்லீரலுக்கு ரத்தம் எடுத்தாங்களா?
தம்பி: எடுத்தாங்க. ஒரு அளவு கொஞ்சம் கூட இருக்காம். நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் மறுபடி பார்க்கணுமாம்
நான்: பார்க்கணும். கல்லீரல் அடிபட்டா சில சமயம் ரெண்டாவது மூணாவது நாள்லதான் தெரியும். வாந்தி, கண்ணு வெள்ளைல மஞ்சள், கறுப்பா மலம், இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பார்க்காதீங்க, அழைச்சிட்டுப் போங்க

*வெள்ளிக்கிழமை*

மாலை 5:30
ரேவதி: அண்ணி, ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு. கூட இருந்த அளவு இறங்கிடுச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க
ரேவதி: (படம்)
சித்தி: என் தங்கம்
மாமா: கண்ணுல பழைய குறும்பு வந்துடுச்சு
நான்: இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை மட்டும் ரத்தம் பாருங்க

5:48
பெரியப்பா: சுதா, மிச்சம் இருந்த ரெண்டு பாக்கெட்டையும் வெளிய போட்டுட்டேன். குப்பைக்கூடைல இல்ல, குப்பை வண்டி வந்தப்ப கைலயே குடுத்தேன்
நான்: பெரியப்பா, உங்க மேல தப்பு இல்ல. சூயிங்கம் உங்க பல்லுக்கு நல்லதுதான். மூடி இறுக்கமா இருக்கிற டப்பால போட்டு பீரோவுக்குள்ள வச்சுக்கங்க
பெரியப்பா: வேண்டாம்மா. வாசப்படில அவளைத் தூக்கினப்ப கை கால் எல்லாம் துணி மாதிரி தொங்கிச்சு. அதை மெல்ல வாய் வரல